ஆயில் சேம்பரில் கிடந்த துணுக்குகள்... பழைய இன்ஜின் சொல்லும் கதை!

பழைய காரின் ஆயில் சேம்பரைக் கழற்றியதும், அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் அதன் அடியைத்தான் துழாவிப் பார்ப்பார். கறுத்த வண்டலுக்குள் ஏதாவது நெருடினால் அவர் முகம் மாறிவிடும். 'இது எங்கேருந்து வந்துச்சு?' இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் சேம்பரைத் திரும்ப மாட்டக் கூடாது.

ஆனால், பல இடங்களில் நடப்பது வேறு. 'பழைய வண்டின்னா இப்படித்தான்' என்று வண்டலைத் துணியால் வழித்து எறிந்துவிட்டு, புது ஆயிலை ஊற்றி, சாவியைத் திருப்பிவிடுகிறார்கள். தாத்தா ஓட்டிய கார், அப்பா முதன்முதலாக வாங்கிய கார் என்று வீட்டோடு ஒட்டிப்போன வண்டியை எப்படியாவது ஓட வைத்துவிட வேண்டும் என்கிற ஆசை. அந்த அவசரம்தான் சின்னச் செலவில் முடியவேண்டிய வேலையை, இன்ஜினையே இறக்கும் அளவுக்குக் கொண்டுபோய் விடுகிறது.

சத்தம் குறைக்க வந்த நைலான்

இந்தத் துணுக்கு விஷயத்தில் உலகம் முழுக்கப் பழைய கார் பிரியர்கள் சொல்லும் உதாரணம், 1960-களின் அமெரிக்க கார்கள். இன்ஜினுக்குள் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற வேண்டும். இரண்டையும் இணைப்பது டைமிங் செயின். இரும்புப் பல்லில் இரும்புச் செயின் ஓடினால் சத்தம் வரும். அதைக் குறைக்க ஜெனரல் மோட்டார்ஸ் போன்ற நிறுவனங்கள், கேம் ஷாஃப்ட்டின் பல்சக்கரத்தை அலுமினியத்தில் செய்து, அதன் பற்களை நைலானில் வார்த்தன.

கார் புதிதாக இருந்தவரை சத்தமில்லாமல் ஓடியது. வருடக்கணக்கில் சூடாகிச் சூடாகி ஆறியதில் நைலான் இறுகி, நொறுங்கும் பதத்துக்கு வந்தது. பற்கள் ஒவ்வொன்றாக உடைந்து நேராகக் கீழே சேம்பரில் விழுந்தன.

அங்கேதான் ஆபத்து ஆரம்பிக்கிறது. சேம்பருக்குள் ஆயில் பம்ப்பின் உறிஞ்சு குழாய் இருக்கிறது. அதன் வாயில் ஒரு கம்பி வலை. துணுக்குகள் அந்த வலையை அடைத்துக்கொண்டால் ஆயில் மேலே ஏறாது. ஓடும் இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட் பேரிங்கைத் தொடுவதில்லை. நடுவில் இருக்கும் மெல்லிய ஆயில் படலத்தின் மேல்தான் மிதக்கிறது. ஆயில் வராவிட்டால் உலோகத்தோடு உலோகம் உரசும். பேரிங் தேய்ந்து, கிராங்க்கும் கீறல் விழும். இன்னொரு பக்கம், பல் போன சக்கரத்தில் செயின் தாவினால் வால்வுகளின் நேரம் தப்பி, இன்ஜின் நடுரோட்டில் நின்றுவிடும்.

இன்றைய நோயா, பழைய மிச்சமா?

இதில் ஒரு புதிர் உண்டு. சேம்பரில் நைலான் துண்டுகள் கிடக்கின்றன. பதறிப்போய் முன்பக்கத்தைத் திறந்து பார்த்தால், முழுக்க இரும்பிலான பல்சக்கரம் ஒரு பல்கூடக் குறையாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது! அப்படியானால் துண்டுகள் எங்கிருந்து வந்தன?

விடை எளிது. எப்போதோ ஒரு மெக்கானிக் உடைந்த சக்கரத்தை மாற்றியிருக்கிறார். சேம்பரைக் கழற்றிச் சுத்தம் செய்யவில்லை. பழைய பற்கள் வண்டலுக்குள் வருடக்கணக்கில் அப்படியே கிடந்திருக்கின்றன. இந்த நிலையில் வலையையும் சேம்பரையும் சுத்தம் செய்து, பேரிங் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் போதும். உள்ளே இருப்பது நைலான் சக்கரமே என்றால், பல் போயிருந்தாலும் போகாவிட்டாலும் சக்கரத்தையும் செயினையும் மாற்றிவிடுவதே நல்லது.

ஆக, துணுக்கைப் பார்த்ததும் கேட்க வேண்டியவை இரண்டு கேள்விகள். இது என்ன? இது உடைந்து வந்த இடம் இன்னும் உள்ளே இருக்கிறதா?

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை

ஆயிலை வெதுவெதுப்பாக இருக்கும்போதே வெள்ளைத் துணி வழியாக வடிகட்டுங்கள். சிக்கிய துணுக்குகளை மண்ணெண்ணெயில் அலசி, வெள்ளைத் தாளில் காயவையுங்கள். உலோகச் சிராய் குத்தும் என்பதால் வெறும் விரலால் நசுக்க வேண்டாம். பிறகு ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

* காந்தத்தில் ஒட்டினால் இரும்பு அல்லது எஃகு. காந்தத்தில் மைபோல ஒட்டும் மெல்லிய சாம்பல் நிறப் பசை சாதாரணத் தேய்மானம். ஊசி போன்ற சிராய்களோ, செதில்களோ இருந்தால் ஏதோ ஒரு பாகம் உடைகிறது என்று பொருள்.
* காந்தத்தில் ஒட்டாமல், வெள்ளி நிறத்தில் மெலிதாக மினுங்கினால் பேரிங்கின் மேல்பூச்சாகவோ, பிஸ்டனின் அலுமினியமாகவோ இருக்கலாம். கூடவே செம்பு நிறமும் தெரிந்தால், பேரிங்கின் மேல்பூச்சு போய் அடுத்த அடுக்கு தேயத் தொடங்கிவிட்டதா என்று பார்த்தே ஆக வேண்டும். அந்த வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது.
* இடுக்கியால் அழுத்தினால் கரிப்பொடியாக உதிர்வது, சூட்டில் கருகி இறுகிய ஆயில்.
* அழுத்தினால் நசுங்கி, விட்டதும் பழையபடி எழும்புவது, கேஸ்கட்டுக்குப் பதிலாகத் தாராளமாகப் பிதுக்கிய சிலிக்கான் பேஸ்ட். பார்க்கச் சாதுவாக இருந்தாலும் வலையை அடைப்பதில் இது கெட்டிக்காரன்.
* 'டக்'கென்று உடையும் பழுப்பு நிறத் துண்டு பெரும்பாலும் பழைய பிளாஸ்டிக். பல்சக்கரத்திலிருந்தோ, செயினுக்கு வழிகாட்டும் பட்டையிலிருந்தோ வந்திருக்கலாம்.

அடுத்தது ஆயில் ஃபில்டர். அதன் கூட்டை வெட்டி, மடிப்புக் காகிதத்தை விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வலையைத் தாண்டி வந்த பொடியெல்லாம் அங்கே சிக்கியிருக்கும்.

நம் வீட்டு வண்டிகள்

எந்தத் துணுக்கு எங்கிருந்து வந்திருக்க முடியும் என்பது இன்ஜினைப் பொறுத்தது. மாருதி 800-ல் டைமிங் செயின் கிடையாது, ரப்பர் பெல்ட்தான். அதுவும் ஆயில் படாத தனி மூடிக்குள் ஓடுகிறது. எனவே, அதன் சேம்பரில் ரப்பர் கிடந்தால் பெல்ட்டைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. இறுகி உதிர்ந்த வால்வு சீல் பக்கம் பார்வையைத் திருப்பலாம். அம்பாசடரின் பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினில் செயின் உள்ளேயே ஓடுகிறது. அங்கே கேள்வி வேறு.

நீண்ட நாள் நிறுத்திவைத்த வண்டியில் இன்னொன்றையும் பாருங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியில் எலி தேங்காய் நாரும் துணியும் சேர்த்துக் கூடு கட்டியிருக்கும். திறந்து கிடக்கும் குழாய்களில் குளவி மண்கூடு வைத்திருக்கும். ஸ்டார்ட் செய்தால் இவை நேராக சிலிண்டருக்குள் போகும்.

எவை கூடாது?

'ஃப்ளஷ்' திரவத்தை ஊற்றி ஓடவிட்டால் எல்லாம் கரைந்துவிடும் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். வருடக்கணக்கில் படிந்த வண்டல் கட்டி கட்டியாகப் பெயர்ந்து வலையில் போய் நிற்கும். சேம்பரைக் கழற்றிக் கையால் சுத்தம் செய்வதே பழைய இன்ஜினுக்குப் பாதுகாப்பு.

டேஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு எரியவில்லை என்பதை மட்டும் நம்ப வேண்டாம். அழுத்தம் மிகவும் இறங்கிய பிறகுதான் அது எரியும். சுத்தம் செய்து மாட்டிய பின், இன்ஜின் நன்றாகச் சூடாகி ஐட்லிங்கில் ஓடும்போது, அழுத்தமானியைப் பொருத்தி அளந்து, அந்த இன்ஜினின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும்.

கிடைத்த துணுக்குகளைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டு, தேதியையும் ஓடிய கிலோமீட்டரையும் எழுதி, வண்டியின் சர்வீஸ் ரசீதுகளோடு வைத்துவிடுங்கள். சக்கரத்தை மாற்றினீர்களா, சேம்பரைச் சுத்தம் செய்தீர்களா என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். பத்து வருடம் கழித்து அந்த சேம்பரைத் திறக்கப்போகிறவர் உங்கள் மகளாகவோ பேரனாகவோ இருக்கலாம். 'இது எங்கேருந்து வந்துச்சு?' என்று அவர்கள் பதற வேண்டியதில்லை.