அந்தக் குடத்துத் தண்ணீர்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் போனது அரக்கோணம் வழியாகத்தான். யார் பக்கத்தில் யார் உட்காரலாம் என்று ஊர் வகுத்திருந்த கணக்கு ரயில் பெட்டிக்குள் செல்லவில்லை. சீட்டு வாங்கியவர் உட்கார்ந்தார். ஆனால் சாப்பாடு என்று வந்ததும் ரயில்வேயே பணிந்துபோனது. நிலைய உணவகங்களில் பிராமணர்களுக்குத் தனி இடம் நீண்ட காலம் இருந்தது. சுயமரியாதை இயக்கம் விடாமல் எதிர்த்த பிறகு, 1940களின் தொடக்கத்தில்தான் அது ஒழிந்தது. உட்காருவதில் கொஞ்சம் இறங்கி வந்த சாதி, உண்பதில் இறங்கி வரவில்லை. கிறிஸ்தவ அன்பை அன்றாட வாழ்வில் எப்படிக் கடைப்பிடிப்பது என்று கேட்பவர்கள் இந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

அன்பு என்றாலே நமக்குக் கொடுப்பதுதான் நினைவுக்கு வருகிறது. ஏழைக்குத் துணி, விதவைக்கு அரிசி, பண்டிகைக்குப் பலகாரத் தட்டு. இவை நல்லவை, வேண்டியவை. ஆனால் சாதி ஒருநாளும் கொடுப்பதைத் தடுத்ததில்லை. மீந்த சோற்றைக் கொல்லைப்புறத்தில் ஊற்றலாம், பழஞ்சேலையைத் தூக்கிப் போடலாம், கல்யாணத்துக்குப் பணம்கூடக் கொடுக்கலாம். சாதியின் விதி எதுவும் மீறப்படுவதில்லை. அது தடுப்பது வாங்குவதை. காலனி வீட்டுச் சொம்பில் தண்ணீர் வாங்கிக் குடிப்பதை, அந்த அடுப்பில் வெந்த சோற்றை அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து உண்பதை. ஆகவே ஒருவர் ஆயுள் முழுக்கக் கொடுத்துக்கொண்டே இருந்தும் சாதியை ஒரு மயிரிழைகூட அசைக்காமல் இருந்துவிட முடியும். அன்புக்கு உரைகல் கொடுக்கும் கையில் இல்லை, வாங்கும் கையில் இருக்கிறது.

இது நானாகக் கண்டுபிடித்த அளவுகோல் அல்ல. யோவான் நற்செய்தியின் 4-ஆம் அதிகாரத்தில் சமாரியப் பெண்ணிடம் இயேசு முதலில் போதிக்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். யூதர் சமாரியரோடு புழங்காத காலம் அது. கேட்கப்பட்ட பெண்ணே திகைத்துப் போகிறாள். பிறகு அந்த ஊரார் அழைக்க, அங்கேயே இரண்டு நாள் தங்குகிறார். தங்கியவர் அவர்கள் வீட்டில் உண்ணாமலா இருந்திருப்பார்? நல்ல சமாரியன் கதையையும் நாம் தலைகீழாகவே படித்துப் பழகிவிட்டோம். உதவி செய்யும் சமாரியனாக நம்மை நினைத்துக்கொள்கிறோம். ஆனால் அதை முதலில் கேட்ட யூதர்களுக்கு அடிபட்டுக் கிடப்பவன்தான் தம்மவன். தாங்கள் தீண்ட விரும்பாத ஒருவனுடைய எண்ணெயையும் திராட்சரசத்தையும் தங்கள் உடம்பில் ஏற்க வேண்டியவன் அவன். அந்தியோகியாவில் பிற இனத்தாரோடு உண்டுகொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பந்தியிலிருந்து ஒதுங்கினார். பவுல் அதை எல்லோர் முன்னிலையிலும் கண்டித்தார். ஆதித் திருச்சபையின் பெரிய சச்சரவுகளில் ஒன்று, யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதுதான்.

தமிழ்நாட்டுத் திருச்சபையும் இதே இடத்தில்தான் இடறியது. தஞ்சாவூர்ப் பக்கத்துச் சபைகளில் சாதிக்கொரு பக்கமாக உட்காரும் வழக்கம் இருந்தது. நற்கருணையிலும் முறை வைத்தார்கள். 1833-ல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதியை அடியோடு விட வேண்டும் என்று கட்டளையிட்டபோது பலர் சபையையே விட்டுப் போனார்கள். 1840களின் பிற்பாதியில் மதுரையில் பணிசெய்த அமெரிக்க மிஷன், ‘அன்பின் விருந்து’ என்று ஒன்றை வைத்தது. தாழ்த்தப்பட்டவர் சமைத்ததை எல்லோரும் ஒரே பந்தியில் உண்ண வேண்டும். உபதேசியார்களில் பலர் வேலையை இழந்தார்களே தவிர இலையில் உட்காரவில்லை. இவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். ஊர் ஊராக நடந்து அன்பைப் பிரசங்கித்தவர்கள். பஞ்சத்திலும் நோயிலும் பிறருக்குக் கொடுத்தவர்கள். வாங்கி உண்ணச் சொன்னபோதுதான் அவர்களால் முடியவில்லை. வேலூர், ராணிப்பேட்டைப் பகுதியில் 1853-ல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய ஆற்காடு மிஷன் தொடக்கத்திலிருந்தே சாதிக்கு இடமில்லை என்று கண்டிப்பாக இருந்தது. அதன் சபைகள் பெரும்பாலும் சேரிகளில் வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. கட்டாயப்படுத்தி ஊட்டும் கவளம் எப்படி அன்பாகும்? விசுவாசத்தை வயிற்றில் சோதிப்பது அவமானம் இல்லையா? வெள்ளைக்கார மிஷனரிகள் தங்கள் பங்களாக்களில் தங்களுக்குள் ஒரு படிநிலையை வைத்துக்கொண்டே தமிழருக்குப் பாடம் எடுத்தார்கள் என்று அன்றே சொன்னவர்கள் உண்டு. அந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. அதை நான் மறுக்கப்போவதில்லை. அன்பைச் சட்டம் போட்டு வரவழைக்க முடியாது. ஆனால் அன்பின் விருந்து பிழையான வழி என்பதால் அது கேட்ட கேள்வி பிழையாகிவிடாது. கட்டாயம் வேண்டாம் என்றால், தானாகப் போய் உட்கார்ந்திருக்க வேண்டுமே. எத்தனை பேர் உட்கார்ந்தார்கள்?

இன்னொரு வாதம், காலம் போகப்போகச் சரியாகிவிடும் என்பது. அந்தக் காலத்திலும் சில மிஷன்கள் சாதி சமூக வழக்கந்தானே, மெல்ல உதிரும் என்று பொறுத்தன. உதிர்ந்ததா? 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த எறையூரில், தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர்களுக்கும் வன்னியக் கத்தோலிக்கர்களுக்கும் மோதல் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். ஒரே ஞானஸ்நானம், ஒரே நற்கருணை. ஆனால் பிணம் போகும் பாதையும் புதைகுழியும் வேறு. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தைச் சாதியால் பிரித்த சுவர் ஊரறிந்தது. 2003-ல் தமிழ்நாட்டு ஆயர்கள் ரோமுக்குச் சென்றபோது, சாதிப் பாகுபாட்டின் சாயல்கூடத் திருச்சபையில் கூடாது என்று போப் இரண்டாம் ஜான் பால் அவர்களிடமே சொல்ல நேர்ந்தது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-ல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில், நாட்டின் சுமார் 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கர்களில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்று கூறி, திருச்சபைக்குள் பாகுபாடு இருப்பதையும் ஒப்புக்கொண்டது. வில்சனின் கட்டளைக்கும் இந்த ஒப்புதலுக்கும் இடையே 183 ஆண்டுகள்.

ஆஸ்பத்திரிகளும் பள்ளிக்கூடங்களும் கட்டியவர்களைப் பார்த்து, நீங்கள் கொடுத்தீர்களே தவிர அன்பு செய்யவில்லை என்று சொல்வது நன்றிகெட்டதனம் இல்லையா என்று சிலர் கேட்கலாம். நானும் அப்படிச் சொல்ல மாட்டேன். வேலூர் சி.எம்.சி.யையே பாருங்கள். 1900-ல் ஒற்றைப் படுக்கையோடு அதைத் தொடங்கிய ஐடா ஸ்கடர், 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி திறந்தார். அவர் மருந்து கொடுத்ததோடு நின்றிருந்தால் அது தர்மம். இந்த மண்ணின் பெண்களை டாக்டராகவும் நர்ஸாகவும் ஆக்கியதால் வேறொன்று நடந்தது. காய்ச்சலில் கிடக்கும் எந்தச் சாதிக்காரரும் தன் வாயில் மருந்தும் தண்ணீரும் ஊற்றும் நர்ஸ் எந்தத் தெருவில் பிறந்தவர் என்று பார்க்க முடியாமல் போனது. பால் பிராண்ட் 1940களின் இறுதியில் அங்கே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்கு அறுவை செய்யத் தொடங்கியதன் அருமையும் இதுதான். அவருக்கு முன்னும் அவர்களுக்குச் சோறு போட்டவர்கள் இருந்தார்கள். அவர்கள் மறுபடி உழைத்துப் பிறருக்குக் கொடுக்கக்கூடிய கைகளை அவர் திருப்பித் தந்தார்.

கிறிஸ்தவர்களை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும் என்பதற்குப் பதில் எளிது: எல்லோரும் ஒரே அப்பத்தில் பங்குள்ளவர்கள் என்று வாரந்தோறும் அறிக்கையிடுபவர்கள் அவர்கள். மற்றவர்களும் தப்ப முடியாது என்பதும் உண்மை. சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டதால் 1920களில் தமிழக அரசியலே கொதித்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, 2018-ல் அவிநாசிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் தலித் பெண் சமைக்கக் கூடாது என்று தகராறு நடந்தது. 2023-ல் தூத்துக்குடி மாவட்டம் உசிலம்பட்டியில் அதே காரணத்தால் பிள்ளைகள் காலை உணவைத் தொடாமல் இருந்தபோது, கனிமொழி எம்.பி. போய் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. அரசாங்கம் கொடுக்கும் உணவு அல்ல அங்கே பிரச்சினை, யார் கையிலிருந்து வாங்குவது என்பதுதான்.

அரக்கோணத்தில் விடிகாலை மின்சார ரயிலில் ஊர்க்காரரும் காலனிக்காரரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு சென்னைக்கு வேலைக்குப் போகிறார்கள். இரவு திரும்பியதும் தெருக்கள் பிரிகின்றன. 2021-ல் சட்டப்பேரவைத் தேர்தல் முடிந்த மறுநாள், இந்த ஊரை அடுத்த சோகனூர்ப் பகுதியில் தலித் இளைஞர்கள் இருவர் கொல்லப்பட்டார்கள். காரணம் என்ன என்பதில் கட்சிகள் முரண்பட்டன. தெருக்கள் பிரிந்து கிடப்பதில் யாருக்கும் முரண்பாடு இல்லை. இந்த வட்டாரத்துச் சபைகள் பிரசங்கத்துக்கு அப்பால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. நெல்லைச் சீமையில் கோயில் அசனம் என்று ஊரையே கூட்டிச் சோறு போடுவார்கள். இங்கே ஆயர்களும் மூப்பர்களும் அதைத் திருப்பிச் செய்யட்டும்: காலனி வீடுகளுக்கு விருந்தாளிகளாகப் போகட்டும். இந்தக் கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் பலகாரமும் தட்டில் வைத்து அனுப்புவதற்கு முன்னால், உங்களை இதுவரை யாரும் அழைக்கத் துணியாத வீடு எது என்று யோசித்துப் பாருங்கள். போய்த் தண்ணீர் கேளுங்கள். சாப்பிடச் சொன்னால் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.