கழலாத அரத்தாளும் கைகழுவும் வணிகமும்

தேய்வதற்கென்றே செய்யப்பட்ட ஓர் உறுப்பை வாங்கியவன் தன் கையால் மாற்ற முடியவில்லையென்றால் குற்றவாளி யார்? வாங்கியவன் என்கிறது வணிக உலகம். இல்லை என்கிறேன் நான்.

என் தந்தையார் பயன்படுத்திய தேக்கு மேசையொன்று வீட்டில் இருக்கிறது. அதன் பழைய வார்னிசை நீக்கிப் புதுப்பிக்க எண்ணிச் சாண்டர் எனப்படும் மின் இயந்திரமொன்றை வாங்கினேன். அரைமணி நேரம் ஓடியிருக்கும். அரத்தாள் மழுங்கியது. புதியதை மாட்டுவதற்காகப் பழையதைப் பிடித்து இழுத்தேன், அசையவில்லை.

இந்த இயந்திரத்தின் அமைப்பு மிக எளிமையானது. அடித்தட்டில் நுண்ணிய பிளாஸ்டிக் கொக்கிகள் உள்ளன. வட்ட அரத்தாளின் முதுகில் நூல் வளையங்கள். இவை ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். சுவிற்சர்லாந்தின் ஜோர்ஜ் டி மெஸ்ட்ரல் 1941இல் தம் நாயின் உரோமத்தில் ஒட்டிய முள்விதைகளைக் கண்டு சிந்தித்து உருவாக்கிய வெல்க்ரோவின் தத்துவம்தான் இது. ஒட்டுவது மட்டுமல்ல, வேண்டியபோது பிரிவதும் அதன் சிறப்பு. ஆனால் இயந்திரத்தை மரத்தின்மேல் அழுத்தினால் உராய்வு வெப்பம் பெருகும். கொக்கிகள் இளகி வளையங்களோடு உருகிச் சேரும். பழைய வார்னிசும் இளகிப் பசையாகும். இயந்திரத்தின் பாரமே போதும், அழுத்தக் கூடாது என்ற ஒரே ஒரு வாக்கியம் எனக்குத் தெரிந்திருந்தால் இந்தத் தொல்லை நேர்ந்திராது.

அந்த வாக்கியம் எங்கே? பெட்டிக்குள் இருந்த கையேட்டில் பல மொழிகள் இருந்தன. தமிழ் இல்லை, சிங்களமும் இல்லை. ஆங்கிலப் பகுதியிலோ அரத்தாளை "மாற்றவும்" என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. மின்சாரம் தாக்கும், மழையில் வைக்காதே என்ற எச்சரிக்கைகள் மட்டும் பக்கம் பக்கமாக இருந்தன. அவை வாங்குபவனைக் காக்க எழுதப்பட்டவை என்று நம்ப நான் தயாரில்லை. வழக்கிலிருந்து விற்பவனைக் காக்க எழுதப்பட்டவை அவை.

அயலிலுள்ள தச்சர் ஒருவரே உதவிக்கு வந்தார். முதலில் மின்னிணைப்பைக் கழற்றினார். பட்டி பூசும் மெல்லிய தகட்டை ஓரத்தில் செருகி, தாளை மேல்நோக்கி இழுக்காமல் தட்டோடு தட்டாக மடித்து மெதுவாக உரித்தார். தாள் வந்தது, அதனோடு கொக்கிகளும் வந்தன. இனிப் புதிய தாள் அதில் நிற்காது. அடித்தட்டையே மாற்ற வேண்டும். அதன் திருகாணிகளோ தொழிற்சாலையிலேயே பசையிட்டு இறுக்கப்பட்டவை. பற்றவைக்கும் மின்கோலைத் திருகாணியின் தலையில் சற்றுநேரம் வைத்துப் பசையை இளக்கி, அளவான திருப்புளியால் ஒவ்வொன்றாகக் கழற்றினார். "ஐயா, பிழை உங்களிலை இல்லை. அழுத்தாதேங்கோ எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே" என்றார்.

கழற்றிய அடித்தட்டோடு கடைக்குச் சென்றேன். "அதுக்குத் தனியாத் தட்டு வாறேல்லை ஐயா. புதிசு ஒண்டு எடுங்கோ" என்றார்கள். உத்தரவாதத்தைக் காட்டினேன். தேயும் பாகங்களுக்கு அது செல்லாதாம். திருகாணியைத் தொட்டதால் மற்றப் பாகங்களுக்கும் செல்லாதாம்!

மலிவான பொருளுக்கு இவ்வளவு எதிர்பார்க்கலாமா எனச் சிலர் கேட்கலாம். நான் எதிர்பார்த்தது ஒரு வட்டத் தட்டையும் ஒரு வரித் தமிழையும்தான். அவற்றுக்கு எவ்வளவு செலவாகும்? எனக்கு இது ஒரு மேசையின் கதை. நாட்கூலிக்கு வேலைசெய்யும் தச்சனுக்கோ அன்றைய வருமானமே போய்விடும். ஒரு தட்டுக்காக முழு இயந்திரத்தின் விலையையும் அவன் மீண்டும் கொடுக்க வேண்டும்.

இது புதிய தந்திரமுமல்ல. 1924இல் ஜெனீவாவில் கூடிய மின்குமிழ் உற்பத்தியாளர்கள், குமிழின் ஆயுள் 1000 மணித்தியாலத்தைத் தாண்டாதிருக்கத் தமக்குள் உடன்பாடு செய்தார்கள். நெடுங்காலம் உழைக்கும் பொருள் வியாபாரத்துக்குப் பகை என்ற எண்ணம் அன்றே வேரூன்றிவிட்டது. அதற்கெதிராகச் சில நாடுகள் விழித்திருக்கின்றன. பிரான்ஸ் 2021 முதல் கைத்தொலைபேசி, மடிக்கணினி போன்ற சிலவற்றை எவ்வளவு எளிதாகத் திருத்தலாம் என்று புள்ளியிட்டுக் காட்டச் செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் திருத்தும் உரிமைக்கான பணிப்புரையை நிறைவேற்றியது. ஆனால் அதன் பட்டியலில் சலவை இயந்திரமும் குளிர்சாதனப் பெட்டியும் உண்டு. தச்சனின் சாண்டர் இல்லை. உழைப்பவனின் கருவி அங்கும் கடைசி வரிசையில்தான்.

இலங்கையில் தமிழ் 1987 முதல் அரசகரும மொழி. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் பொருட்களின் விவரத்துண்டு பற்றிப் பணிப்புரை விடுக்கும் அதிகாரத்தை வழங்கியிருக்கிறது. ஆகவே என் கோரிக்கை பெரிதல்ல. தேயும் உறுப்பை மாற்றும் முறை தமிழிலும் சிங்களத்திலும் பெட்டிக்குள் இருக்க வேண்டும். இயந்திரத்தை விற்பவன் அந்த உறுப்பையும் விற்க வேண்டும். திருகாணியைத் திறந்தமைக்காக உத்தரவாதத்தைப் பறிக்கக் கூடாது.

என் மேசை இப்போது பாதி பளபளப்பாகவும் பாதி பழைய நிறத்திலும் நிற்கிறது. மீதியைக் கையால் தேய்த்து முடிப்பேன். இன்னோர் இயந்திரம் வாங்க மாட்டேன்.