காய்ச்சற்காரன் கண்ட வடசென்னை

ஊர் பார்க்கப் புறப்படுகிறவன் நல்ல உடல்நலத்தோடு புறப்பட வேண்டும் என்பது பலரும் ஒப்புக்கொண்ட கருத்து. மலையேறுகிறவனுக்கு அது பொருந்தும். பழைய கோவிலையும் கோட்டையையும் காணச் செல்கிறவனுக்கு அவ்வளவாகப் பொருந்தாது என்பேன். அதிலும் நம் வடசென்னையைப் பார்ப்பதற்குச் சற்றே தளர்ந்த உடம்புதான் ஏற்றது என்று துணிந்து சொல்வேன். நண்பர்கள் நகைக்கலாம், படித்துவிட்டு நகைக்கட்டும்.

தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்திருந்த என் சிற்றப்பாவுக்கு இரண்டு நாள்தான் ஓய்வு. எனக்கோ நீர்க்கோவை, இளங்காய்ச்சல், ஓயாத இருமல். மாத்திரையை விழுங்கிவிட்டு, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, அவரை இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை அழைத்துச் சென்றேன்.

நல்ல உடம்புக்காரன் இராயபுரம் ரயில் நிலையத்தை ஐந்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிடுவான். 1856-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. இங்கிருந்துதான் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் வண்டி வாலாஜா ரோடு வரை ஓடியது. பம்பாயில் 1853-லும் ஹௌராவில் 1854-லும் வண்டி ஓடியிருந்தாலும், அக்காலத்து நிலையக் கட்டடங்களுள் இன்றும் நிற்பது இதுவே. குறிப்பேட்டில் எழுதியாயிற்று, புறப்படலாம்! நடக்க இயலாத நான் முகப்பின் உயர்ந்த தூண் ஒன்றில் சாய்ந்து உட்கார்ந்தேன். அப்போதுதான் அத்தூண்களின் நிழல் எவ்வளவு நீண்டது என்று தெரிந்தது. மீன்கூடையோடு வந்த ஓர் அம்மையாரும் அதே நிழலில் கூடையை இறக்கி வைத்து இளைப்பாறினார். பயணிகள் காத்திருப்பதற்கென்று கட்டிய கட்டடம் காக்க வைத்துத்தான் தன்னைக் காட்டும் போலும்.

அங்கிருந்து ஸ்டான்லி மருத்துவமனைப் பக்கம் சென்றோம். மருந்து வாங்க அன்று, வரலாறு பார்க்க! சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஸ்டான்லியின் பெயர் அதற்குப் பிற்காலத்தில் வந்தது. முதியோர் வாயில் அது இன்றும் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி'தான். ஐதர் அலியோடு கம்பெனி போரிட்ட காலத்தில், பஞ்சத்துக்குத் தப்பி நகரின் வடக்கு மதிலோரம் வந்து விழுந்த மக்களுக்கு 1782-இல் கஞ்சி ஊற்றிய இடம் மணியக்காரர் சத்திரம். பசித்தவனோடு நோயாளியும் வந்தான். கஞ்சியோடு மருந்தும் வந்தது. அந்தச் சத்திரமே வளர்ந்து மருத்துவமனையாயிற்று. 1938-இல் மருத்துவக் கல்லூரியுமாயிற்று. காய்ச்சல் நாக்குக்குக் கஞ்சியைத் தவிர வேறெதுவும் பிடிக்காத அன்று, இந்த வரலாறு எனக்குப் புத்தகச் செய்தியாகப் படவில்லை. நாம் அரண்மனையைச் சுற்றுலா இடம் என்கிறோம், கல்லறையையும் என்கிறோம். கஞ்சி ஊற்றிய இடத்தை ஏனோ அவ்வாறு எண்ணுவதில்லை.

1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் அண்ணா பேசிய இராபின்சன் பூங்காவையும் சிற்றப்பா காண விரும்பினார். மழையில் நனைந்தபடி நின்று கேட்ட கூட்டத்தில் எத்தனை பேருக்கு மறுநாள் காய்ச்சல் கண்டிருக்கும் என்ற நினைப்புத்தான் அங்கே எனக்கு வந்தது! அரசியல் வரலாறு இதையெல்லாம் எழுதுவதில்லை.

மறுநாள் மெட்ரோ ரயிலில் திருவொற்றியூர் சென்றோம். வழியில் காலடிப்பேட்டை என்ற பெயரைக் கேட்டதும், "எந்த மகானுடைய காலடி தம்பி?" என்றார் சிற்றப்பா. மகான் அல்லர், 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே நெசவாளர்களைக் குடியேற்றிய காலெட் என்னும் ஆங்கில ஆளுநர். காலெட்டுப் பேட்டையைக் காலடிப்பேட்டையாக்கிய நம் மக்களின் நாக்கு வாழ்க!

திருவொற்றியூர்க் கோவிலில் பார்க்க எவ்வளவோ உண்டு. இராசேந்திர சோழன் காலத்துக் கருங்கல் கருவறை, கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாட்கள் மட்டும் கவசம் நீங்கிக் காட்சி தரும் புற்றுருவான ஈசன், வடிவுடையம்மன் சந்நிதி. கடலோரம் போனால் பட்டினத்தார் அடங்கிய இடமும் உண்டு. ஆனால் அன்று என் மனத்தில் நின்றவர் சுந்தரரே. பெரியபுராணம் சொல்லும் கதையைத் தமிழ்த்துறையினர் அறிவர். இவ்வூரில் மகிழ மரத்தடியில், உன்னைப் பிரியேன் என்று சங்கிலியாருக்குச் சூளுரைத்தார். திருவாரூர் வசந்த விழா நினைவுக்கு வரவே புறப்பட்டார். ஒற்றியூர் எல்லை கடந்ததும் இரு கண்களும் ஒளி இழந்தன. திருவெண்பாக்கத்தில் கிடைத்தது கண்ணன்று, ஊன்றுகோல். காஞ்சியில் இடக்கண். உடம்பில் பற்றிய நோய் திருத்துருத்தியில் நீங்கிற்று. வலக்கண் திருவாரூரில் வந்தது. (பழைய திருவெண்பாக்கம் பூண்டி நீர்த்தேக்கத்துள் மூழ்கிவிட்டது, கோவிலை வேறிடத்தில் எடுத்துக் கட்டினார்கள். அந்த நீரைத்தான் சென்னை குடிக்கிறது.)

நோயோடு ஊர் ஊராகச் சென்றவர் சுந்தரர். ஒவ்வோர் ஊரிலும் அவர் கேட்டவை நலமும் ஊன்றுகோலும் பார்வையும். கேட்டபோது கடவுளோடு சண்டையும் போட்டார். அவர் வழியில் நடக்கும் இக்காலத்து நோயாளி எதைக் கேட்பது? உட்கார ஒரு பலகை, குடிக்க நீர், பூட்டாத ஒரு கழிப்பறை. நாங்கள் சென்ற இடங்களுள் ஒன்றில் கழிப்பறை இருந்தது, பூட்டும் இருந்தது, சாவிக்காரர் சாப்பிடப் போயிருந்தார். பழங்காலத்தார் கோவிலில் மண்டபமும் வழியில் சத்திரமும் கட்டியது, வருகிறவன் களைத்து வருவான் என்று தெரிந்ததால் அன்றோ?

கடைசியாக எண்ணூர். கம்பெனி ஆட்சியில் சென்னை வெள்ளையர்கள் படகோட்டவும், மீன் உண்ணவும், நல்ல காற்று வாங்கவும் சென்ற ஊர் இது. கொசத்தலையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தைப் பார்த்தால், அவர்கள் ஏன் வந்தார்கள் என்பது இன்றும் விளங்கும். பின்னர் ஆலைகள் வந்தன. 1970-இல் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கி 2017-இல் மூடப்பட்டது; 2001-இல் புதிய துறைமுகம் திறக்கப்பட்டது. ஆலைகளை வெறுமனே பழிக்க நான் விரும்பவில்லை. நம் வகுப்பில் பலர் ஆலைச் சம்பளத்தில் வளர்ந்தவர்கள். ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், மீனவர் படகுகளிலும் வலைகளிலும் அப்பியதை மறக்க முடியுமா? அதே மாதம் 26-ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. உறக்கத்தில் இருந்தவர்கள் மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருளில் ஓடினார்கள். காற்று வாங்க வந்த ஊரில் காற்றுக்குப் பயந்து ஓடினார்கள்.

தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். நான் இருமினேன். பக்கத்துப் பலகைப் பெரியவரும் இருமினார். கடைக்காரர் தேநீர் ஆற்றிக்கொண்டே இருமினார். சிற்றப்பா என் காதருகே குனிந்து, "ஏன் தம்பி, உனக்கு மட்டும் இருமலா, ஊருக்கே இருமலா?" என்று கேட்டார். என் இருமல் நான்கு நாளில் போய்விட்டது.

வரலாற்றுத் துறையினர் ஆண்டுதோறும் மாமல்லபுரம், தஞ்சை என்று சுற்றுலா செல்கிறோம், செல்க. அடுத்த ஆண்டு ஒரு நாளை இந்தக் கடற்கரைக்கும் ஒதுக்குவோம். நாட்டு நலப்பணித் திட்ட நண்பர்களும் உடன் வரட்டும். ஒவ்வோர் இடத்துக்கும் எதிரே அது கட்டப்பட்ட ஆண்டை எழுதுவதோடு, நிழல் எங்கே, இருக்கை எங்கே, நீர் எங்கே, கழிப்பறைச் சாவி யாரிடம், அவ்வூர்ப் பெரியவர்களுக்கு மூச்சு எப்படி இருக்கிறது என்பதையும் எழுதி, மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வருவோம். பேருந்துக் கட்டணம் அதிகமில்லை.