அடியில் பொறித்த ஊர்

கெப்பாலா பத்தாஸ் என்றதும் முன்னாள் பிரதமர் அப்துல்லா அகமட் படாவியின் பழைய தொகுதி என்பார்கள் வெளியூர்க்காரர்கள். பொம்மை சேகரிப்பவர்களுக்கோ, பெயர் தெரியாமலே இந்த வட்டாரம் பழக்கம். உள்ளங்கைக்குள் அடங்கும் ஹாட் வீல்ஸ் கார்களில் பலவற்றின் அடிப்பக்கத்தில் ‘மலேசியா’ என்று பொறித்திருக்கும். 1980களின் தொடக்கத்திலிருந்து அந்தக் கார்கள் புறப்படும் இடம் பிறை. நம் ஊரிலிருந்து தெற்கே அரை மணி நேரப் பயணம்தான்.

நைட் ரைடர் தொடரின் பேசும் கறுப்புக் கார் கிட், 2012இல் ஹாட் வீல்ஸ் வரிசையில் சேர்ந்தது. ஸ்டார் டிரெக்கின் எண்டர்பிரைஸ் கப்பலும் அதே அட்டையில் தொங்கியிருக்கிறது. இன்று நாற்பதைத் தாண்டியவர்கள் இவற்றைச் சில வெள்ளிக்கு வாங்கிப் பிரிக்காமலே அடுக்கி வைக்கிறார்கள். பிள்ளைகள் தொடக்கூடாதாம்!

இதைப் பைத்தியம் என்று ஒதுக்குமுன் திரையில் வந்த ‘அசல்’களின் யோக்கியதையைப் பார்த்துவிடலாம். 1963இல் டாக்டர் ஹூ தொடரில் உலகை மிரட்டிய டாலெக்கின் கை, கழுவுதொட்டியின் அடைப்பெடுக்கும் ரப்பர் குமிழ். 1966இல் ஸ்டார் டிரெக்குக்காக விசித்திர வடிவ உப்புக் குப்பிகளை வாங்கினார்கள். திரையில் அவை உப்புக் குப்பியாகவே தெரியாது என்று தோன்றவே, மருத்துவர் மெக்காயின் கருவிகளாகிவிட்டன. அத்தொடரின் மடக்குத் தொடர்புக் கருவியை வடிவமைத்தவர் வா சாங், ஹவாயில் பிறந்த சீன வம்சாவளிக் கலைஞர். அதில் சுழலும் கோலம் ஒரு நிறுத்தற் கடிகாரத்தின் இயந்திரத்தால் ஓடியது. அவர் தொழிற்சங்கத்தில் இல்லாததால் திரையில் பெயர் போடவில்லை.

இப்படிச் சில நொடி கேமராவை ஏமாற்றச் செய்தவைதான் பின்னால் பொக்கிஷமாயின. 2006இல் நியூயார்க்கில் கிறிஸ்டிஸ் நடத்திய ஏலத்தில் எண்டர்பிரைஸ் கப்பலின் மாதிரி ஒன்று 576,000 அமெரிக்க டாலருக்குப் போனது. நகலுக்கு அந்த மதிப்பு கிடையாது. ஆனால் வேலைப்பாட்டில் அது பல சமயம் அசலை மிஞ்சும். கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கப்போகிறவருக்காக அல்லவா அதைச் செய்கிறார்கள்?

துத்தநாகக் கலவையை உருக்கி அச்சில் அழுத்துவார்கள். பிசிறு போக உருட்டி, சாயமேற்றி, மெத்தென்ற சிலிக்கோன் திண்டால் கோடும் எழுத்தும் ஒற்றுவார்கள். கடைசியில் உடலையும் அடித்தகட்டையும் சேர்த்து ரிவிட் அடித்தால் கார் தயார். அந்த ரிவிட்டைக் கழற்றினால் சேகரிப்பாளர் முகம் சுளிப்பார்.

இந்த வேலை இங்கே வந்ததற்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1969இல் பினாங்கு சுங்கமில்லாத் துறைமுகம் என்ற தகுதியை இழந்து, வேலையின்மையில் தத்தளித்தது. அந்த ஆண்டு முதலமைச்சரான லிம் சோங் இயூ தொழிற்சாலைகளை அழைத்தார். 1972இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வலயம் வந்தது. கடலுக்கு இந்தப் பக்கம் பிறையும் வளர்ந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் தமிழ்க் குடும்பங்களின் பெண்பிள்ளைகள் ரப்பர்ப் பால்வாளியை வைத்துவிட்டுக் கம்பெனி பஸ் ஏறினார்கள். நம் சமூக வரலாற்றில் கப்பலேறி வந்த கதைக்குக் கிடைத்த இடத்தில் கால்வாசிகூட இந்த பஸ்ஸுக்குக் கிடைக்கவில்லை என்பது என் குறை.

சேகரிப்பாளர்கள் சக்கர வகை, அடித்தகட்டுக் குறியீடு, நிறத்தின் சிறு பிசகு வரை ஏடு ஏடாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். பினாங்குத் தீவிலேயே பொம்மைகளுக்கென்று அருங்காட்சியகம் கண்டவர்கள் நாம். அந்த அக்கறையில் ஒரு பங்கு அந்தக் கார்களைச் செய்தவர்கள்மீதும் விழட்டும். ஷிஃப்ட் அட்டை, சீருடை, கம்பெனி அடையாளச் சீட்டு எல்லாம் இன்னும் செபராங் பிறைத் தாமான் வீடுகளின் அலமாரிகளில் கிடக்கும். முதல் தலைமுறைத் தொழிலாளர்கள் இப்போது ஓய்வுபெற்ற வயதில் இருக்கிறார்கள். மாநில அருங்காட்சியகம் ஓர் ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டலாம். அதற்கு அந்த எண்டர்பிரைஸ் மாதிரியின் ஏல விலையில் ஒரு துளிகூட ஆகாது.