மன வைத்தியம் வசதி படைத்தவருக்கு மட்டுமா?

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்துத் திருவண்ணாமலையில் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் உழைக்கும் ஜனங்கள் மலையேறுகிறார்கள். மனப்பாரத்தைப் பெருமாளிடம் சொல்லிவிட்டு இறங்குகிறார்கள். அவர்களை நாம் பழிக்கவில்லை. சொல்லி அழ அவர்களுக்கு வேறு இடம் எங்கே என்றுதான் கேட்கிறோம்.

“உங்களுக்கு ஏற்ற மனநல ஆலோசகரைத் தேடுங்கள், ஒத்துவராவிட்டால் வேறொருவரைப் பாருங்கள்” என்று கனவான்கள் உபதேசிக்கிறார்கள். யோசனை சரிதான். பொறுமையாகக் கேட்பவர், ஜாதியும் சம்பளமும் பார்த்து முகம் சுளிக்காதவர், ரகசியம் காப்பவர்தான் வேண்டும். ஆனால் இராஜபாளையத்து மில் தொழிலாளி நாள் கூலியை இழந்து எத்தனை பேரைப் பார்ப்பார்?

வைத்தியம் எட்டாதபோது என்ன நடக்கும்? 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் தீக்கு 28 மனநோயாளிகள் பலியானார்கள். சங்கிலியில் கட்டிக் கிடந்தவர்கள் எப்படி ஓடுவார்கள்?

2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது. சிகிச்சைக்காக எவரும் நெடுந்தூரம் அலையக் கூடாது என்கிறது அதன் 18-வது பிரிவு. குறைந்தபட்சச் சேவையும் மாவட்டத்தில் இல்லையென்றால், அங்கே வேறிடத்தில் பெறும் சிகிச்சைச் செலவை சர்க்கார் ஏற்க வேண்டும் என்றும் சொல்கிறது. எத்தனை தொழிலாளருக்கு இது தெரியும்?

2022 முதல் 14416 என்ற இலவசத் தொலைபேசி இருக்கிறது. தயங்காமல் கூப்பிடுங்கள். ஆனால் தொலைபேசியோடு சர்க்காரின் கடமை தீராது.

தாலுகா ஆஸ்பத்திரிதோறும் மனநல வைத்தியர், பெண் ஆலோசகர், ஷிப்டு முடிந்து வருவோருக்கு மாலை நேரச் சிகிச்சை, ஆலோசகரை மாற்றிக்கொள்ளும் உரிமை ஆகியவற்றைக் கோருகிறோம். கூலி உயர்வுக் கோரிக்கையோடு இதையும் நமது சங்கங்கள் எழுதட்டும்!