பருவமும் கைவினை ஊக்கமும்

இளமையில் யாதேனும் ஒரு கைவினை பழகாதார் நம்முள் மிகச் சிலரே. வண்ணத்தாளைக் கத்தரித்துப் பூச்செய்தவரும், துணியிற் பூவேலை செய்தவரும், களிமண்ணிற் பாவை சமைத்தவரும், பனையோலையிற் கிலுகிலுப்பை முடைந்தவரும் இக்கல்லூரியில் பலர் உளர். ஆயினும், “இப்பொழுது அதனைச் செய்வதுண்டோ?” என அவரை வினவின், “நேரம் ஒருவாறு உண்டு, மனந்தான் எழவில்லை” என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கின்றது. நூற்கண்டுகள் பெட்டியிற் கிடக்கின்றன. வண்ணங்கள் புட்டியில் உலர்கின்றன. இங்ஙனம் அயர்ந்த கைக்கு மீண்டும் ஊக்கம் வருமாறு யாது என்பதே ஈண்டு யான் ஆராயப் புகுந்த பொருள்.

ஊக்கம் முன்னே வரும், வேலை அதன் பின்னே நிகழும் என நாம் நம்பியிருக்கின்றோம். அதனாலேயே நாட்கள் வறிதே கழிகின்றன. ஒரு பருவத்தையொட்டிச் சிறியதொரு பொருளை வரையறுத்துக்கொண்டு, குறித்த நாள்வரை அதனையே செய்து வருவோமாயின், ஊக்கம் வேலையின் பின்னே தானாக வந்து சேரும் என்பது என் துணிபு. ‘எதனையேனும் செய்க’ என விடப்பட்டவன் எதனைச் செய்வதென எண்ணியெண்ணியே களைத்துப்போகின்றான். ‘இத்திங்கள் முடியுமளவும் இலைவடிவங்களையே தைக்க’ எனப் பணிக்கப்பட்டவனோ உடனே ஊசியில் நூலைக் கோக்கின்றான்.

மார்கழித் திங்களில் நம் நாட்டுப் பெண்டிர் வைகறையில் எழுந்து வாயிலில் இடும் கோலங்களை நோக்குக. ஏனைய திங்களில் நான்கு புள்ளியோடு அமைபவரும் அத்திங்களில் தெருவடைக்கக் கோலமிட்டுப் பூசணிப்பூ வைக்கின்றனர். மாவும் பழைய மாவே. கையும் பழைய கையே. பருவம் ஒன்றே புதிது. திங்களின் முடிவு கண்முன் தெரிகின்றது. அயல்வீட்டு வாயிலும் தெரிகின்றது. நேற்று இட்டது இன்று அழிந்துபோவதால், வழுவிய இழையைப் பற்றிய கவலையும் நெஞ்சில் நில்லாது.

மேலைநாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. செருமனி நாட்டு நீஸ்கி என்னும் ஊரில் மொராவியத் திருச்சபையார் நடத்திய பள்ளியில், 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், வடிவக்கணிதப் பயிற்சியாக மாணவர் தாளினாற் பல முனைகள் கொண்ட விண்மீன் செய்தனர். அது கிறிஸ்து பிறப்புக் காலத்துக்குரிய அணியாகி, உலகின் பல பகுதிகளிலும் இன்று ஒளிர்கின்றது. வகுப்பறையிற் கணக்காக நின்றுவிடக்கூடிய ஒன்றைப் பருவம் உயிருள்ள கலையாக்கிற்று. நம் காலத்திலும், அமெரிக்க ஓவியராகிய ஜேக் பார்க்கர் என்பார் மைகொண்டு வரையுந் திறத்தை வளர்த்துக்கொள்ள விரும்பி, 2009-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் நாளொன்றுக்கு ஒரு படம் வரையும் நோன்பை மேற்கொண்டார். தம் ஒருவர் பொருட்டு அவர் தொடங்கிய 31 நாள் நோன்பைப் பின்னர்ப் பல நாட்டு ஓவியரும் கைக்கொண்டனர்.

“பிறர் குறித்த பொருளைச் செய்வது கலையாகுமோ? உள்ளத்தில் தானே ஊறுவதன்றோ கலை?” என்பர் சிலர். அவர்க்கு விடை நம் சங்க நூலிலேயே உளது. ஐங்குறுநூற்றின் 500 பாட்டுக்களும் பத்துப் பத்தாக வகுக்கப்பட்டவை. 3 அடிக்குக் குறையாமலும் 6 அடிக்கு மிகாமலும் அமைந்தவை. மருதம் பாடிய ஓரம்போகியாரிடத்து ஒரு பத்து முழுதும் நண்டு வருகின்றது. பிறிதொரு பத்து முழுதும் எருமை வருகின்றது. குறிஞ்சி பாடிய கபிலரிடத்துக் கிளிக்கென ஒரு பத்து உண்டு. நண்டு ஒன்றே, அதனைக் கொண்டு புலவர் காட்டும் மனநிலைகளோ பல. முல்லைக்குக் காரும் மாலையும் என வரையறுத்த இலக்கணம் புலவர் வாயை அடைத்துவிடவில்லை. அகநானூற்றில் மட்டும் முல்லைப் பாட்டு 40 உள. எல்லை கலைக்குப் பகையன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

எனினும், இம்முறையிற் கருதத்தக்க தீங்குகளும் சில உள. பரிசு புகுந்தால், வெல்லுந் திறம் படைத்த நால்வர் நிற்க ஏனையோர் விலகுவர், அயர்ந்திருப்பவரோ அவ்வேனையோரே. விலையுயர்ந்த கருவிகளை வாங்குவதே கைவினை என மயங்குதலும் உண்டு. பழைய செய்தித்தாளும் பசையும் தொடக்கத்துக்குப் போதும். ஒருநாள் தவறியது கொண்டு முழுவதையும் கைவிடுதல் மற்றொரு தீங்கு. தவறிய நாளை விடுத்து மறுநாட் பணியைத் தொடங்குவதே முறை. இரண்டு நாட்பணியையும் ஒருங்கே சுமப்பவன் மூன்றாம் நாள் இரண்டையும் போட்டுவிடுவான்.

நம் கல்லூரியில் இதனை எளிதில் தொடங்கலாம். முன்னோர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளில் நான்கேனும் கல்லூரி நாட்களில் அடங்கும். கார்காலத்தில் மழையையும் முகிலையும் துணியில் தைக்கலாம். கூதிரில் களிமண்ணால் அகல்விளக்குச் செய்யலாம். முன்பனியில் மூங்கிற் பிளாச்சும் வண்ணத்தாளும் கொண்டு விண்மீன் கட்டலாம். கடையில் வாங்கித் தொங்கவிடும் விண்மீன் நம் விடுதிக்கு ஏன்? பின்பனியில் ஓலை முடைதலைப் பயிலின், குருத்தோலை ஞாயிற்றுக்குச் சிலுவை முடையும் முதியோரிடம் இளைஞர் கற்றுக்கொள்ள இடமுண்டாம். ஒவ்வொரு பருவத்திலும் பதினான்கு நாட்கள், நாளொன்றுக்கு அரைமணி நேரம், விடுதிக் கூடத்தில் ஒரு மேசை: வேண்டுவன இவ்வளவே. ஆசிரியரும் வந்தமர்வாராயின், அவர் கையும் நம் கை போலவே முதல்நாள் தடுமாறக் கண்டு நாம் அச்சம் நீங்குவோம்.

நூல் பயில வந்த இடத்திற் கை மறந்து போதல் பெரியதோர் இழப்பாகும். தேர்வு முடிந்தபின் பார்த்துக்கொள்வோம் என்று தள்ளிய கைவினை, பலர் வாழ்வில் என்றும் திரும்பியதில்லை. பருவங்களோ ஆண்டுதோறும் தவறாது வருகின்றன. அடுத்து வரும் பருவத்தையே நாளாகக் கொண்டு, நண்பர்காள், தொடங்குவோமாக.