அருங்காட்சியகம் எப்போது வன்னிப் பாடசாலைக்கு வரும்?

சாதாரண தரத்தில் சித்திரம் எடுக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு சிகிரியா ஓவியங்களும் பொலன்னறுவைச் சிலைகளும் தெரியும். பரீட்சைக்காக அவற்றை மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால், தங்கள் பெற்றோர் கடந்துவந்த இடப்பெயர்வு பற்றி இதே மண்ணின் கலைஞர்கள் உருவாக்கிய படைப்புகள் பெரும்பாலும் அவர்களின் கண்ணில் படுவதில்லை.

இந்தப் பிள்ளைகள் போர் முடிந்த காலத்தில் பிறந்தவர்கள். நடந்தவற்றைப் பாதிப் பேச்சாகவும் பாதி மௌனமாகவும் வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள். வரலாற்றுப் பாடநூல் அந்த மௌனத்தை நிரப்புவதில்லை. மே மாதத்தில் கைப்பேசியில் வந்து குவியும் படங்களும் அதிர்ச்சியைத் தருமே தவிர, விளக்கத்தைத் தருவதில்லை. இந்த இடத்தில் சமகாலக் கலை நல்லதொரு கற்பித்தல் முறையாக முடியும். அதற்கு அருங்காட்சியகமும் பாடசாலையும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும்.

நாட்டில் இதற்கான முயற்சி இல்லாமல் இல்லை. 2019 டிசம்பரில் கொழும்பில் தொடங்கிய நவீன மற்றும் சமகாலக் கலை அருங்காட்சியகம், கல்வியை முன்னிறுத்தும் நிறுவனமாகவே தன்னை அறிமுகப்படுத்துகிறது. பாடசாலை மாணவர்களும் அதன் இலக்கில் இருக்கிறார்கள். அனுமதி இலவசம், சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மும்மொழியிலும் இயங்குகிறது. கொழும்பில் ஒரு தமிழ்ப் பிள்ளை கலையைப் பற்றித் தன் மொழியில் கேள்வி கேட்கலாம் என்பது சின்ன விசயமல்ல.

ஆனால் முல்லைத்தீவிலிருந்து கொழும்புக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். பஸ் வாடகை, அதிபரின் சம்மதம், வலயக் கல்விப் பணிமனையின் அனுமதி என்று எல்லாம் சரிவந்தாலும், தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்கும் காலிமுகத்திடலுக்கும் நடுவில் அருங்காட்சியகத்துக்குக் கிடைப்பது அரைமணி நேரம்தான். அதற்குப் பெயர் சுற்றுலா.

பங்காளித்துவம் என்பது வேறு. எந்தப் படைப்பை, எந்தப் பாடத்தோடு, எந்தக் கேள்வியோடு காட்டுவது என்பதை ஆசிரியரும் அருங்காட்சியகமும் முன்கூட்டியே சேர்ந்து தீர்மானிப்பது. பார்த்த பிறகும் வகுப்பில் அந்த வேலை தொடர்வது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். யாழ். பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன், 2011இல் ‘முற்றுப்பெறாத தோம்பு’ என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் ஒரு கலைநூலை வெளியிட்டார். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப்பதிவேடு. இடம்பெயர்ந்தவர்கள் தாங்கள் விட்டுவந்த வீட்டின் நிலப்படத்தை நினைவிலிருந்து வரைந்தார்கள். அந்தப் படங்களும், அவற்றைக் கட்டடக்கலை முறைப்படி திருத்தி வரைந்த படங்களும், சனாதனனின் ஓவியங்களும் அந்த நூலில் சேர்ந்திருக்கின்றன.

இதை வகுப்பில் செய்ய ஒரு பென்சிலும் தாளும் போதும். அம்மம்மாவிடம் கேட்டு, அவர் வாழ்ந்த வீட்டை வரையச் சொல்லலாம். கிணறு எந்தப் பக்கம், சாமியறை எங்கே, எந்த மூலையில் பங்கர் வெட்டினார்கள்? பிள்ளை அளவுத்திட்டத்தைக் கற்கிறது. கேள்வி கேட்கக் கற்கிறது. நினைவும் ஒரு சான்று என்று அறிகிறது. 1990இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை அதே வகுப்பில் இருந்தால், அவளுடைய வீடும் அதே மேசைக்கு வரும். தன் துயரத்தோடு அடுத்தவரின் துயரத்தையும் பார்க்கும் பயிற்சி இது.

ஆபத்துகளும் உண்டு. காணாமல் ஆக்கப்பட்ட ஒருவருக்காகக் காத்திருக்கும் வீட்டுப் பிள்ளையை ‘நினைவை வரை’ என்று வற்புறுத்தக்கூடாது. வேறொன்றை வரையவும், வரையாமல் இருக்கவும் பிள்ளைக்கு உரிமை வேண்டும். ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது, வரைந்த படம் யாருக்குச் சொந்தம் என்பது. போருக்குப் பிறகு எத்தனையோ திட்டங்கள் எங்கள் பிள்ளைகளிடம் படங்களை வாங்கிப் போய் அறிக்கைகளின் அட்டையில் போட்டன. இனி, மூலப்படம் பிள்ளையிடமே இருக்க வேண்டும். பிள்ளையும் பெற்றோரும் சம்மதித்தால் மட்டுமே பிரதி வெளியே போகலாம்.

மூன்றாவது, ஆசிரியரின் பயம். ‘ஏன் இதைப் படிப்பிக்கிறீர்கள்?’ என்று யாராவது விசாரிக்க வந்தால் அவர் தனித்து நிற்கக்கூடாது. மாகாணக் கல்வித் திணைக்களத்தின் எழுத்துமூல அனுமதி இதற்கு அவசியம்.

வடக்கில் வளங்கள் இருக்கின்றன. பல்கலைக்கழகத்தில் கலை படித்து வெளியேறும் பட்டதாரிகள் இருக்கிறார்கள். இந்திய உதவியில் கட்டப்பட்டு 2023இல் கையளிக்கப்பட்ட, யாழ்ப்பாணத்திலுள்ள கலாசார நிலையத்திலும் அருங்காட்சியகப் பகுதி உண்டு. கொழும்பு அருங்காட்சியகம் தன் படைப்புகளின் நல்ல பிரதிகளையும் தமிழ் ஆசிரியர் கைநூலையும் ஒரு பெட்டியில் போட்டு அனுப்பினால், அது கிளிநொச்சியிலும் மாந்தையிலும் பாடசாலை பாடசாலையாகச் சுற்றிவரலாம். முதல் வருடத்துக்கு ஐந்து பாடசாலைகளும், ஆர்வமுள்ள ஐந்து சித்திர ஆசிரியர்களும் போதும்.

நினைவேந்தலை வருடத்தில் ஒரு நாள் செய்கிறோம். அந்த நாளில் விளக்கேற்றும் பிள்ளைக்கு, ஏன் ஏற்றுகிறோம் என்று கேட்கவும், தன் பதிலைத் தானே வரைந்து பார்க்கவும் வகுப்பறையில் ஓர் இடம் வேண்டும். நினைவிலிருந்து வீட்டை வரையத் தெரிந்த தலைமுறைக்கு வயதாகிக்கொண்டு வருகிறது. அவர்கள் இருக்கும்போதே இந்த வேலை தொடங்க வேண்டும்.